அழுத்தக்காரி அன்பு பழகிய கதை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள். இப்போது வயது 47. அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக் குடும்பம் நடத்தினார். அப்பா குடித்தார், அடித்தார். திருமணமாகிப் பல ஆண்டுகள் வரை, என் மீது அன்பு வைத்த மனிதரை நம்பத் தெரியாமல் இருந்தேன். இதை ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து பெண்களும், அவர்களின் கணவர்களும், சில சமயம் மாமியார்களும் தேடி வந்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நான் மருத்துவர் அல்ல. பட்டதையும், பட்ட பிறகு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

எங்கள் மருமகளை எல்லோரும் அழுத்தக்காரி என்கிறார்கள். அவளுக்குப் பாசமே கிடையாதா?

உண்டு. அது வெளியே தெரிந்தால் ஆபத்து என்று யாரோ அவளுக்குச் சிறு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பழக்கமில்லாத அறை, தரையில் பொம்மைகள். தாய் சில நிமிடங்கள் வெளியே போய்விட்டுத் திரும்புவார். பெரும்பாலான குழந்தைகள் தாய் வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு சமாதானமாயின. சில குழந்தைகள் மட்டும் அழவே இல்லை. தாய் திரும்பி வந்தபோதும் ஏறிட்டுப் பார்க்காமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தன. சமர்த்துப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவற்றின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான், கை நீட்டிய போதெல்லாம் தள்ளிவிடப்பட்ட குழந்தைகள் அவை என்பது தெரிந்தது. 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே சூழ்நிலையில் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். அழாமல் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் நெஞ்சும் உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மருமகளை இனி அழுத்தக்காரி என்று சொல்லும் முன் அந்தக் குழந்தையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

என்றோ நடந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏன் விடுவதில்லை?

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பார்கள். அழுத பிள்ளை அடி வாங்கினால், அது அழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். அது அந்தப் பிள்ளை தேடிக்கொண்ட பிழைக்கும் வழி. பிழைக்க வைத்த வழியை மனம் எளிதில் கைவிடாது.

என் அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. இரவில் நானும் அம்மாவும் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, மைதாப் பசை தொட்டுத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்போம். வாசலில் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் அன்று குடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை தடுமாறி விழுந்தால் குடித்திருக்கிறார், பேச்சோடு போய்விடும். ஸ்டாண்டு சத்தமே இல்லாமல் சைக்கிள் சுவரில் சாய்ந்து சரிந்தால், தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியாக ஓட வேண்டும். எட்டு வயதில் எனக்கு இந்த மூன்றும் அத்துப்படி. கை ஒட்டுவதை நிறுத்தாது. காது மட்டும் வாசலில் இருக்கும்.

என் கணவர் சாராய வாடையே அறியாதவர். திருமணமாகி வந்த முதல் வாரம், மாலையில் அவர் பைக்குக்கு ஸ்டாண்டு போட்டார். என் வயிறு அப்படியே இறுகிக்கொண்டது. எனக்கு அப்பாவின் ஞாபகம்கூட வரவில்லை. இவர் மேல்தான் காரணமில்லாமல் ஓர் எரிச்சல் வந்தது. பழைய பயம் இப்படித்தான் வரும். யார் பெயரையும் சொல்லிக்கொண்டு வராது. அதனால் எதிரில் இருப்பவர்மீது போய் விழுகிறது.

எங்கள் வீட்டில் யாரும் என்னை அடித்ததில்லை. ஆனாலும் நான் இப்படித்தான் இருக்கிறேன். ஏன்?

அடி மட்டுமே காயம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாவதும் பெண்ணா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் உண்டு. ஐந்து வயதில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ‘அடுத்த லீவுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்ற சொல்லை நம்பி நம்பி ஓய்ந்தவர்கள் உண்டு. அம்மா படுத்த படுக்கையாகி, பத்து வயதில் தம்பி தங்கைகளுக்குச் சோறு வடித்தவர்கள் உண்டு.

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பற்று பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். வசதியான வீட்டுப் பிள்ளை. அவரை வளர்த்தது ஓர் ஆயா. பௌல்பிக்கு நான்கு வயது ஆவதற்குள் அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்தது போல இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். அந்தக் காயத்துக்கு அடி தேவைப்படவில்லை.

அடி வாங்கியவர்களும் குறைவில்லை. 2007-இல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பையன்களும் அடக்கம். அன்று சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று மனைவிகள், மருமகள்கள்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

இந்தப் பழமொழி மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அடிக்கிற கையே அணைக்கும்போது குழந்தைக்கு என்ன புரியும்? அணைக்க வரும் எந்தக் கையும் அடிக்கவும் செய்யும் என்று புரியும். பிற்பாடு ஒருவர் ஆசையாகத் தலையைத் தடவ வந்தால்கூட அவள் கழுத்தைச் சுருக்கிக்கொள்கிறாள். என் கணவர் முதல் தடவை பூ வைத்துவிட வந்தபோது நான் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் கையில் அந்த மல்லிகைச் சரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் முன்னால் இந்தப் பழமொழியைச் சொல்ல யாரையும் நான் அனுமதிப்பதில்லை.

நானும் அப்படிப்பட்டவள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்னைப் பற்றிச் சொல்கிறேன், ஒத்துப்போகிறதா பாருங்கள். கடுகு டப்பாவுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் பஸ் கட்டணத்துக்குப் பணம் வைத்திருப்பேன். எங்கே போவதற்கு என்று கேட்டால் பதில் தெரியாது. கிளம்ப முடியும் என்பதே நிம்மதி. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் வைத்துக்கொண்டு ஓடுவேன். எனக்குக் காய்ச்சல் என்றால் ஒருவருக்கும் தெரியாது. ‘பரவாயில்லை’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று மகள் ஒருமுறை எண்ணிக் காட்டினாள். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: மனதுக்கு நிறைவாக ஒரு நாள் அமைந்தால், அன்று இரவே ஏதாவது சண்டையை இழுத்துவிடுவேன். சந்தோஷம் நீடித்தால் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பதறும். அந்த அடி எப்போது விழும் என்று காத்திருப்பதைவிட நானே வரவழைத்துவிடுவது எளிதாக இருந்தது.

இதில் நாம் தனியாக இல்லை. 1987-இல் ஹஸான், ஷேவர் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு நாளிதழ் வழியாக வாசகர்களிடம் காதல் பற்றிக் கேட்டார்கள். 620 பேரின் பதில்களைப் பிரித்துப் பார்த்ததில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் நெருக்கம் வந்தாலே ஒதுங்குகிறவராக இருந்தார்.

நான் கணவன். அவளை உயிராக நேசிக்கிறேன். எவ்வளவு செய்தாலும் சுவர் போல நிற்கிறாள். நான் என்னதான் செய்ய வேண்டும்?

உங்கள் வேதனை எனக்குத் தெரியும். என் கணவரும் அதைப் பட்டவர்தான். அவர் செய்தவற்றில் எது என்னை எட்டியது, எது எட்டவில்லை என்று சொல்கிறேன்.

திருமணமான இரண்டாவது ஆண்டு எனக்குக் கடும் காய்ச்சல். சொல்லாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். எதேச்சையாகக் கையைத் தொட்டவர் பதறிப்போய் நொய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். ‘நானே செய்துகொள்வேன், நீங்கள் வேலையைப் பாருங்கள்’ என்றேன். குரலில் அவ்வளவு கடுப்பு. வேறு யாராக இருந்தாலும் ‘உனக்குப் போய்ச் செய்தேனே’ என்று டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் கஞ்சியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ‘குடி’ என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கஞ்சி ஆறி ஆடை படர்ந்தது. தண்ணீர் எடுக்க அவர் எழுந்து போனபோது நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன். திரும்பி வந்தவர் காலி டம்ளரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

என்னைப் பொறுத்தவரை அன்றுதான் எங்கள் கல்யாணம் நடந்தது.

எட்டாதவையும் உண்டு. திருமண நாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பட்டுப்புடவை எடுத்துவந்து உறவினர் முன்னால் கொடுத்தார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. திடீர் ஆச்சரியங்கள் எனக்குப் பிடிக்காது. சிறு வயதில் திடீரென்று நடந்தவை எவையும் நல்லவையாக இல்லை. ‘என் மேல் உனக்கு நம்பிக்கையே இல்லையா’ என்று கேட்பதும் உதவாது. அந்தக் கேள்விக்கு அவளால் உண்மையான பதில் சொல்ல முடியாது. சொன்னால் நீங்கள் தாங்கமாட்டீர்கள்.

சொன்ன நேரத்துக்கு வருவது, வர முடியாவிட்டால் சொல்லிவிடுவது, கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் ‘எனக்குக் கோபமாக இருக்கிறது, ஆனால் போய்விட மாட்டேன்’ என்று வாயால் சொல்வது. இவைதான் வேலை செய்தன. சலிப்பான வேலை. நாள் தவறாமல் செய்ய வேண்டியிருக்கும், பலனும் உடனே தெரியாது. ஒன்று மட்டும்: அவளைக் குணப்படுத்திக் காட்டுவேன் என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் களைப்பு வரும். வரும்போது அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடத்தான் வேண்டுமா?

யாருக்கும் அப்படி ஒரு கடன் கிடையாது. சொல்வதானால் முதலில் சிறிய ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த சண்டையில் அதை எடுத்து உங்கள்மீதே வீசுகிறாரா, தன் வீட்டாரிடம் கொண்டுபோகிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம். நான் சைக்கிள் கதையைச் சொல்ல ஆறு ஆண்டுகள் ஆயின.

கேட்டு முடித்த அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. மறுநாள் மாலை தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு பைக் வாசலுக்கு வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஸ்டாண்டு சத்தம் கேட்பதற்கு முன்பே வருவது யார் என்று எனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக.

உடல் நெருக்கம் பயமாக இருக்கிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள், மிக அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. குறிப்பாகச் சிறு வயதில் பாலியல் துன்பத்துக்கு ஆளானவர்களுக்கு, விரும்பி ஏற்ற மனிதர் தொட்டாலும் உடல் மரத்துப்போவதுண்டு. அது உங்கள் குற்றமும் அல்ல, அவர்மீது வெறுப்பும் அல்ல. ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லவும், சொன்னதும் முகம் சுளிக்காமல் அவர் நிறுத்தவும் முடிகிற வீட்டில்தான் உடலுக்கு நம்பிக்கை வரும். கணவர் என்பதாலேயே மறுக்கக் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதற்கு முறையான மனநல உதவி உண்டு. தனியாகப் போராட வேண்டியதில்லை.

நான் தொடங்க வேண்டியது எங்கே?

ஒரு சின்ன உதவியைக் கேட்பதில். ‘தலை வலிக்கிறது, ஒரு காபி போட்டுத் தருகிறீர்களா?’ இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. சமையலறை வாசல்வரை போய்விட்டு நானே போட்டுக் குடித்த நாட்கள் எத்தனையோ. கேட்ட அன்று அவர் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்தது, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பழகுவது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி மெயின் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980-களில் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். உங்கள் தாயுடனான உறவை ஐந்து சொற்களில் சொல்லுங்கள் என்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். ‘அம்மா அன்பானவர்’ என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவம்கூட நினைவில்லாமல் விழிப்பவர்கள் உண்டு. கொடுமையான சிறு வயதைப் பட்டும், பூசி மெழுகாமல், அதிலேயே மூழ்கியும் போகாமல் கோவையாகச் சொல்ல முடிந்தவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினரின் குழந்தைகள் பெரும்பாலும் பெற்றோரிடம் பாதுகாப்பாக உணர்ந்தன. என்ன நடந்தது என்பதைவிட, அதை ஒருவரால் இப்போது எப்படிச் சொல்ல முடிகிறது என்பது பெரிதாக இருந்தது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ‘அப்பா’ என்று மட்டும்தான் இருக்கிறது. அதற்கே ஒரு வாரம் ஆயிற்று.

எனக்கு இருப்பது பழைய பயமா, இவரே ஆபத்தானவரா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இது முக்கியமான கேள்வி. ‘உன் பிரச்சினையே நம்பிக்கையின்மைதான்’ என்று சொல்லியே ஒரு பெண்ணை அடக்கி வைக்கும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அவர் இல்லாத நேரத்தில் யோசியுங்கள்: நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் என்ன நடக்கிறது? உங்கள் சம்பளம் யார் கையில் இருக்கிறது? அம்மாவிடம் போனில் பேச அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? பதில்கள் பயமுறுத்தினால் அது இன்றைய பயம், சுவரை இடிக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதோடு மட்டும் நிற்பதில்லை. சொல்லால் வதைப்பதும், பணத்தை முடக்குவதும் அதில் அடங்கும். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி எந்நேரமும் கிடைக்கும்.

என் பிள்ளைகளுக்கும் இது தொற்றிவிடுமா?

தொற்றியே தீரும் என்பது இல்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவரும் அவரது குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்களுக்கு நடுவில் பிறந்தவர்களில்கூட மூன்றில் ஒருவர் நல்லபடியாக, பிறர்மீது அக்கறையுள்ளவராக வளர்ந்தார். பாட்டியோ ஆசிரியரோ, ஒருவராவது அவர்களுக்கு நிலையான துணையாக இருந்திருந்தார். என்னை அழவைத்தது வேறொரு தகவல்: பதின்வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவந்தார்கள். அவர்களைத் திருப்பிய காரணங்களில் ஒன்று, நிதானமான ஒரு துணையுடன் அமைந்த திருமணம்.

என் மகளிடம் ஒருமுறை கை ஓங்கிவிட்டேன். அவள் கழுத்தைச் சுருக்கினாள். என் கழுத்தை நானே பார்த்தது போல இருந்தது. உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் யாரும் கேட்டிராத ஒன்று.

அப்பாவை மன்னித்துவிட்டீர்களா?

இல்லை. கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டேன். மருந்து வாங்கிக் கொடுத்தேன், முதுகு துடைத்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. ‘மன்னித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று ஓர் ஆலோசகர் எனக்கு முதல் சந்திப்பிலேயே சொன்னார். அவரிடம் நான் மறுபடி போகவில்லை. மன்னிப்பது உங்கள் விருப்பம். அன்பு பழக அது நுழைவுச் சீட்டு அல்ல.

ஆலோசனைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்? யாரை அணுகுவது?

ஊர் ஏற்கெனவே அழுத்தக்காரி என்று சொல்லிவிட்டது, புதிதாக என்ன சொல்லிவிடும்? 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். முதல் ஆலோசகர் சரிப்படாவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். நான் இரண்டாவதாகப் பார்த்த அம்மையார் முதல் மூன்று சந்திப்பிலும் என் சிறு வயதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எப்படித் தூங்குகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான்காவது தடவை நானே சைக்கிளைப் பற்றிச் சொன்னேன்.

எத்தனை ஆண்டுகள் ஆகும்?

கஞ்சிக்கு இரண்டு ஆண்டு. சைக்கிள் கதைக்கு ஆறு ஆண்டு. கடுகு டப்பா பணத்தை எடுத்து மகளுக்குக் கொலுசு வாங்கியது பதினோராவது ஆண்டு. ஸ்டாண்டு சத்தத்துக்கு வயிறு இறுகும் நாட்கள் இன்றும் இருக்கின்றன. முன்பு இரவு முழுக்க இருக்கும், இப்போது அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் போய்விடுகிறது.

போன மாதம் பைக்கின் ஹாரன் பழுதாகிவிட்டது. அன்று மாலை போன் அடித்தது. எடுத்தேன். ‘நான்தான். தெருமுனையில் நிற்கிறேன், வருகிறேன்’ என்றார்.